தொப்பிக்காரக் கும்பலுக்குத் தடையில்லாச் சான்று

உலகத்தில் குற்றம் செய்கிறவர்கள் யாரும் முன் அனுமதி வாங்கிக்கொண்டு செய்வதில்லை. வருந்தத்தக்க நிலைதான். ஆனால் மால்ட்டாத் தீவில், காசு கட்டிப் பட உருளைகளைச் சுழலவிடும் ஓர் இணைய ஸ்லாட் ஆட்டத்துக்குள் ஒருவன் வங்கியைக் கொள்ளையடிக்க விரும்பினால், தன் முகம், தொப்பி, துப்பாக்கி, சுருட்டுப் புகை போகும் திசை எல்லாவற்றையும் இணையவழி அதிர்ஷ்ட ஆட்டங்கள் நன்னடத்தை வாரியத்திடம் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே கொள்ளையடிக்க முடியும். இவ்வளவு ஒழுங்காகக் கொள்ளை நடக்கும் இடம் மத்தியதரைக் கடலில் வேறு இல்லை என்று வாரியத்தின் ஆண்டறிக்கை அடக்கத்தோடு குறிப்பிடுகிறது.

அந்த வாரியத்தில் மார்விக் சைலா தற்காலிக மதிப்பீட்டாளர். ஆட்டங்களைப் பார்த்து மதிப்பீடு எழுதுவது அவள் வேலை. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தத் 'தற்காலிக' என்ற சொல்லைத் தவிர. ஒரு கோப்பாவது யாருடைய ஆட்சேபமும் இல்லாமல் முடித்துக் காட்டினால்தான் அந்தச் சொல் கழன்று விழும் என்பது விதி. அவளுடைய முதல் கோப்பு கடற்கொள்ளையர் ஆட்டம். அதில் கப்பல் தவறான பக்கத்திலிருந்து துறைமுகத்துக்குள் நுழைகிறது என்று துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஆட்சேபித்தது. அடுத்தது எகிப்தியக் கல்லறை ஆட்டம். பிணத்துக்குக் கட்டுப்போட்ட விதம் சுகாதாரமாக இல்லை என்று செவிலியர் சங்கம் ஆட்சேபித்தது. இந்த முறையும் ஆட்சேபம் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வீடு என்றால் அப்பா வீட்டுக்கு. மார்விக்கும் அவளுக்கு நிச்சயமான கிளேட்டனும் ஒரு சின்ன அடுக்ககத்தைப் பார்த்து வைத்திருந்தார்கள். அதன் ஒரே சன்னல் பக்கத்து வீட்டுச் சமையலறைப் புகைபோக்கியைப் பார்த்திருக்கும். முயல் குழம்பு என்றைக்கு என்று கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். அதற்குக் கடன் கேட்டபோது வங்கியில், "நிரந்தரமானதும் வாங்க" என்றார்கள். எனவே கல்யாணமும் தற்காலிகமாகவே இருந்தது.

இந்த முறை அவள் மேசைக்கு வந்த ஆட்டத்தின் பெயர் 'தொப்பிக்காரக் கும்பல்'. அந்த வருடம் பழசுதான் புதுசு. அதற்கு முந்திய வருடம் பறக்கும் நாகங்கள். அதற்கும் முன்னால் பழங்கள். இந்த வருடம் ஸ்லாட் ஆட்டம் செய்கிற கம்பெனிகள் எல்லாம் அந்தக் காலத்துக்குத் திரும்பியிருந்தன. கடலோரத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் அரைக்கால் சட்டை போட்ட சுவீடன்காரர்கள் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, கைபேசியிலிருந்து பாட்டு வருகிற கிராமபோனுக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அவர்களில் ஓர் ஓவியர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய குழுப் புகைப்படத்தைப் பார்த்து வாங்கிவந்து, அதிலிருந்த முகங்களை அப்படியே கொள்ளைக்காரர்களாக வரைந்துவிட்டார்.

மார்விக் உருளைகளைச் சுழலவிட்டாள். ஐந்து உருளைகளும் கடகடவென்று சுற்றின. துப்பாக்கி, சுருட்டு, பழைய கார், பணப்பை, போலீஸ்காரர் என்று படங்கள் ஓடி ஒவ்வொன்றாக நின்றன. நடுவரிசையில் கும்பல் தலைவனின் படம் மூன்று முறை அடுத்தடுத்து வந்து நிற்க, எக்காளம் முழங்கியது. தலைவன் தொப்பியைத் தூக்கிக் கண்ணடித்தான்.

மார்விக்கின் கையில் இருந்த பஸ்திட்சிப் பலகாரம் வாய்க்குப் போகவில்லை. உதிர்ந்த தூள் கோப்பில் விழுந்தது.

அவன் உப்புக்கார ஸால்வு. அவளுடைய ஊரில் நங்கூர பேண்டு வாத்திய மன்றத்தின் முன்னாள் தலைவர். மன்றத்தின் காப்பி இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவள் வளர்ந்தாள். அவளுடைய அப்பா லேலி இப்போது அந்த மன்றத்தின் செயலாளர். காலையில் மாதாவை வணங்குகிறாரோ இல்லையோ, ஸால்வுவுக்கு ஒரு சலாம் வைக்காமல் காப்பி குடிக்க மாட்டார்.

ஒளித்து வைத்தால் பிறகு ஆட்சேபமாக வரும். அவள் தலைமை மதிப்பீட்டாளர் எட்கார் டெபோனோவிடம் போனாள். டெபோனோ வாழ்க்கையில் ஒருமுறைகூட ஸ்லாட் ஆடியதில்லை. ஆடினால் நடுநிலை போய்விடும் என்பது அவர் கருத்து.

"ஸார், ரெண்டு விஷயம். கும்பல் தலைவன் படம் ஒரே வரிசையில வந்தாத்தான் ஆட்டத்துலயே பெரிய பரிசு. போலீஸ்காரர் வந்தா சின்னப் பரிசு."

"குற்றம் செழிப்பதாகக் காட்டலாகாதுன்னு விதி இருக்கே, மார்விக்."

"அதான் ஸார் சொல்றேன்."

"பார்ப்போம். ரெண்டாவது?"

"அந்தத் தலைவன் எங்க ஊர்க்காரர் ஸார். நிஜமா வாழ்ந்த மனுஷன்."

டெபோனோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இப்போ உயிரோட இருக்காரா?"

"செத்து ரொம்ப வருஷம் ஆச்சு ஸார்."

"அப்போ அவர்கிட்ட சம்மதம் வாங்கறது கொஞ்சம் சிரமம்."

"ஆமா ஸார்."

"இருந்தாலும் முயற்சி எடுத்ததா கோப்புல இருக்கணும். அவர் சார்பா யார் இருக்காங்களோ அவங்களைப் போய்ப் பாருங்க. அவங்க ஆட்சேபிச்சா..." டெபோனோ முடிக்கவில்லை. அவர் இரக்கமுள்ளவர். அவளைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார்.

அன்று மாலை மார்விக் மன்றத்துக்குப் போனாள். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்ததால் உள்ளே கூட்டம். ஒரு மூலையில் எக்காளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்; இன்னொரு மூலையில் பச்சைக் கொடிகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துப் போகப் பார்த்தாள். அந்த ஊரில் தனியாக ஒன்றைக் காட்டுவதைவிட எல்லோரையும் கூட்டிவைத்துக் காட்டுவது சுலபம். அவள் கைபேசியை எடுப்பதற்குள் தோளுக்குப் பின்னால் பத்துத் தலைகள் முளைத்துவிட்டன.

"அப்பா, கோபப்படாதீங்க. நான் பண்ணல. கம்பெனிக்காரங்க பண்ணினது."

லேலி கைபேசியை எட்டப் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார். "இது நம்ம ஸால்வு இல்ல?"

"ஆமாப்பா."

"கையில என்ன, துப்பாக்கியா?"

"ஆமாப்பா."

"வங்கியையா கொள்ளையடிக்கறாரு?"

"ஆமாப்பா. மன்னிச்சிருங்க."

காப்பி இயந்திரம் மட்டும் பெருமூச்சு விட்டது. லேலி மேலே மாட்டியிருந்த ஸால்வுவை ஒருமுறை பார்த்தார். திரையில் இருந்த ஸால்வுவையும் பார்த்தார்.

"இந்த ஆட்டத்துல இவரைவிடப் பெரிய ஆள் இருக்கானா?"

"இல்லப்பா. இவர்தான் உச்சம்."

"போலீஸ்காரன்?"

"அவர் ரொம்பக் கீழே."

"எதிர் மன்றத்துச் சேவல்காரங்க யாராவது?"

"ஒருத்தர்கூட இல்ல."

லேலியின் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களாடா? உலகத்துல எங்கெங்கயோ இருக்கறவன் எல்லாம் நம்ம ஸால்வு எப்போ வருவாருன்னு காத்துக் கிடக்கப் போறான்! வெடி போடுங்கடா!"

வெடி போட்டார்கள். திருவிழாவுக்கென்று வைத்திருந்த வெடிகளில் நல்லதாக நாலைந்தை எடுத்துப் போட்டார்கள். சத்தம் ஊரைக் கடந்து கடல்வரைக்கும் போனது. மார்விக் நிம்மதியாகத் தூங்கினாள். நங்கூர மன்றத்தின் ஒப்புதல், ஆட்சேபம் எதுவுமில்லை, கோப்பு முடிந்தது என்று கனவுகூடக் கண்டாள்.

சத்தம் கடல்வரை போவதற்கு முன்னால் தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்த சேவல் பேண்டு வாத்திய மன்றத்துக்குப் போயிருந்தது என்பதை அவள் மறந்துபோனாள்.

ஊருக்கு ஒரே புனிதர், புனித ரோக்கு. ஊர்வலத்தில் தூக்கிவர ஒரே சுரூபம். ஒரே திருநாள். ஆனால் அவரைக் கொண்டாட மன்றங்கள் இரண்டு. இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. பச்சைக் கொடி நங்கூரக்காரர்களின் ஊர்வலம் ஒரு தெருவில் வந்தால் சிவப்புக் கொடிச் சேவல்காரர்களின் ஊர்வலம் இன்னொரு தெருவில் போகும். சந்தித்துவிடாமல் இருக்கக் காவல் நிலையத்தில் ஒவ்வொரு வருடமும் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். புனிதர் மட்டும் இரண்டு பக்கமும் போய்வருவார். மரத்தால் செய்தவர் என்பதால் தாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை வாரியத்தின் படியேறி வந்தவர் சேவல் மன்றத்தின் தலைவி ஜோசெத். ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். நுழைந்தவுடன் டெபோனோவின் தலையைத்தான் பார்த்தார்.

"யாரு உங்களுக்கு முடி வெட்டினது? சரி, அது போகட்டும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. எங்க பக்கத்துல குற்றவாளியே இல்லன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல அம்மா."

"பின்ன ஏன் எங்க ஆள் ஒருத்தர்கூட அந்தக் கும்பல்ல இல்ல? அந்த உப்புக்கார ஸால்வு வாழ்நாள்ல என்ன பண்ணியிருக்கான்? உப்புல கல்லு கலந்தான். அவ்வளவுதான். எங்க தாத்தா இன்னொசென்ஸு சிசிலியிலிருந்து படகு படகா சிகரெட் கடத்தினவரு. எத்தனை தடவை பிடிச்சாங்க தெரியுமா? எங்க குடும்பத்தையே கேவலப்படுத்திட்டீங்க!"

"கடத்தல் நிரூபிக்கப்பட்டதா?" டெபோனோ கவனமாகக் கேட்டார்.

"ஜெயிலுக்கே போயிட்டு வந்தாரு!"

"அது வலுவான ஆதாரம்தான்," என்று டெபோனோ ஒப்புக்கொண்டார்.

மார்விக் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இது வெறும் ஆட்டம். இதுல வர்றது பெருமையில்ல."

"பெருமையில்லன்னா உங்கப்பன் ஏன்டி வெடி போட்டான்?"

ஜோசெத் ஆட்சேபம் பதிந்துவிட்டுத்தான் போனார். மார்விக்கின் கல்யாணம் மறுபடியும் தொலைவில் போய் நின்றது.

டெபோனோ பழுத்த அதிகாரி. ஆட்சேபத்தைத் தீர்க்க முடியாவிட்டால் சமப்படுத்தி விடலாம் என்று அவருக்குத் தெரியும். 'குற்றவாளிகளிடையே பாகுபாடின்மை' என்ற தலைப்பில் ஒரு கூட்டம் கூட்டினார். கூட்ட அறைக்கு ஒரே கதவு. அதன் வழியாக முதலில் நங்கூரக்காரர்கள் போனால் சேவல்காரர்கள் வரமாட்டார்கள். சேவல்காரர்கள் போனால் நங்கூரக்காரர்கள் வரமாட்டார்கள். கடைசியில் ஜோசெத்தும் அவருடைய ஆட்களும் தீவிபத்துக்கென்று வைத்த இரும்பு ஏணியில் ஏறிச் சன்னல் வழியாக வந்தார்கள். நடுவில் கம்பெனியின் சார்பில் லெனார்ட் என்ற சுவீடன்காரர் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எதைச் சொன்னாலும் "அருமை" என்பவர்.

"இன்னொசென்ஸுவையும் தலைவனா சேத்துட்டோம்," என்றார் லெனார்ட். "ரெண்டு தலைவர்கள். ரெண்டு பேருக்கும் ஒரே பரிசு. பாருங்க."

உருளைகள் சுழன்று நின்றன. நடுவரிசையில் ஸால்வுவும் இன்னொசென்ஸுவும் தோளோடு தோள் உரசியபடி நின்றார்கள்.

லேலி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "தூக்கு! தூக்குன்னேன்! உயிரோட இருந்தவரைக்கும் ரெண்டு பேரும் ஒரே நடைபாதையில நடந்ததில்ல! இப்போ செத்தப்புறம் பக்கத்துல நிக்க வச்சிட்டியே!"

"எங்க தாத்தாவோட கோட்டுல உப்பு ஒட்டிக்கும்!" என்றார் ஜோசெத்.

டெபோனோ மேசையைத் தட்டினார். "இரு தலைவர்களும் ஒரே நேரத்தில் திரையில் தோன்றலாகாது. எழுதிக்கோங்க, மார்விக்."

மார்விக் எழுதிக்கொண்டாள்.

"அருமை," என்றார் லெனார்ட்.

"அப்போ ஸால்வு தனியா வந்து ஜெயிச்சா?" ஜோசெத் விடவில்லை. "அந்த நேரத்துல எங்க தாத்தா என்ன, வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பாரா? அவர் ஜெயிச்சா இவரும் கூடவே ஜெயிக்கணும்."

"அது நியாயம்," என்றார் டெபோனோ. "ஒருவர் வெல்லும்போது மற்றவரும் வெல்ல வேண்டும்."

"ஆனா ஒரே நேரத்துல திரையில வரக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?" லெனார்ட் கேட்டார். அன்றைக்கு அவர் 'அருமை' சொல்லாமல் பேசிய முதல் வாக்கியம் இது.

"ஆமா. சேர்ந்து வரக்கூடாது. தனியா ஜெயிக்கவும் கூடாது."

"அப்போ?"

"தொழில்நுட்பம் உங்க துறை," என்றார் டெபோனோ பெருந்தன்மையோடு.

அதோடு போயிருந்தால் சின்னப் படங்களாவது பிழைத்திருக்கும். ஆனால் லேலி காரைக் காட்டினார். "கார் பச்சை. அது எங்களோடது."

"சுருட்டோட நுனி சிவப்பு," என்றார் ஜோசெத். "அது எங்களோடது."

துப்பாக்கியை நங்கூரக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்; ஊரிலேயே சத்தமான வெடி அவர்களுடையதாம். கிராமபோன் சேவல்காரர்களுக்குப் போனது. அதன் குழாய் சேவல் கொண்டை மாதிரி இருக்கிறதாம். பணப்பையை இரண்டு பக்கமும் கேட்டதால் அதை நடுவில் கிழித்து இரண்டு படமாக வரைவது என்று முடிவாயிற்று. இப்படி எல்லாப் படமும் ஏதாவது ஒரு பக்கத்துக்குச் சொந்தமானதும், தலைவர்களுக்குப் போட்ட அதே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று டெபோனோ தீர்ப்பளித்தார். விதி என்றால் பாரபட்சம் கூடாது அல்லவா?

மிஞ்சியது போலீஸ்காரர் ஒருவர்தான். அவரை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

"அப்போ போலீஸ்காரர் மட்டும் ஜெயிக்கலாமா?" லெனார்ட் நம்பிக்கையோடு கேட்டார்.

லேலியும் ஜோசெத்தும் ஒரே குரலில், "அவன் எப்படி ஜெயிப்பான்?" என்றார்கள். சொன்ன பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து, ஒத்துப்போய்விட்ட அவமானத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போலீஸ்காரர் எக்காரணம் கொண்டும் வெல்லலாகாது என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

லெனார்ட் வெளியே போய்த் தன் கணக்கர்களோடு தொலைபேசியில் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாக மார்விக் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு சொறிவதை நிறுத்தினார். பிறகு அவருக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டார். உள்ளே வரும்போது முகம் துக்க வீட்டுக்கு வந்தவர் முகம்போல இருந்தது.

"கம்பெனிக்கு மிகுந்த மனவருத்தம்," என்றார். "இருந்தாலும் உள்ளூர்ப் பண்பாட்டை மதித்து, எல்லா நிபந்தனைகளையும் ஏற்றுக்கொள்கிறோம்."

கைதட்டினார்கள். ஜோசெத் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு சன்னல் வழியாக இறங்கிப் போனார்.

மார்விக் திருத்திய ஆட்டத்தைப் பரிசோதித்தாள். பகல் முழுக்கப் பொத்தானை அழுத்தினாள். ஸால்வு இரண்டு முறை அடுத்தடுத்து வருவார். மூன்றாவது உருளையில் எட்டிப் பார்த்துவிட்டு நழுவிப் போவார். இன்னொசென்ஸு வருவார், அவரும் அப்படியே போய்விடுவார். ஒவ்வொரு முறையும் திரை மினுங்கி, "மிக அருகில் வந்துவிட்டீர்கள்!" என்றது. சத்தம் அமர்க்களமாக இருந்தது. பரிசு மட்டும் வரவில்லை. வர வழியே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"ஸார், இந்த ஆட்டத்துல இனிமே யாராலயும் ஜெயிக்க முடியாது."

"முடியாதுன்னு சொல்லக்கூடாது மார்விக். வெற்றி மறுக்கப்படவில்லை, சமரசம் ஏற்படும்வரை ஒத்திவைக்கப்பட்டுள்ளது."

"அந்த ஊர்ல சமரசமா ஸார்?"

"அது நம்ம வாரியத்தோட அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது." டெபோனோ கோப்பைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "நீங்க முதல் நாள் சொன்னீங்களே, குற்றம் செழிப்பதாகக் காட்டலாகாதுன்னு. பாருங்க. கொள்ளைக்காரன் ஜெயிக்கறதில்ல. குற்றம் செழிக்கவே இல்ல! நன்னடத்தை வாரியத்தோட வரலாற்றுலயே முழுசா நன்னடத்தை உள்ள ஆட்டம் இதுதான்."

"ஆனா ஆடுறவங்க, ஸார்?"

"அவங்க யாராவது ஆட்சேபம் பதிஞ்சிருக்காங்களா?"

"ஆட்டமே இன்னும் வெளிவரலையே ஸார்."

"அப்போ இல்ல." அவர் பேனாவைத் திறந்தார். "இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். உங்க நிரந்தர ஆணையும் சேர்த்து."

பேனா தாளைத் தொடும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

வந்தவர் விஸ்டின். மார்விக்கின் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் கூட்டம் தெரிந்தது. அனுமதி கையெழுத்தாகும் நாள் என்று கேள்விப்பட்டு லேலி ஒரு பட்டாளத்தோடு வந்திருந்தார். அவர் வந்தது தெரிந்து ஜோசெத்தும் வந்திருந்தார். ஒரு கூட்டம் இடதுபக்கச் சுவரிலும் இன்னொரு கூட்டம் வலதுபக்கச் சுவரிலும் சாய்ந்துகொண்டு, நடுவில் இருந்த தரையைப் பகைநாட்டு எல்லைபோலப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஒரு சின்ன ஆட்சேபம் ஸார்," என்றார் விஸ்டின். "பெருசா ஒண்ணுமில்ல."

டெபோனோ பேனாவை மூடினார்.

"சொல்லுங்க."

"சந்தையில வாங்கினாங்களே, அந்தப் பழைய போட்டோ. அதுல இருக்கற எல்லாரையும் ஆட்டத்துல போட்டுட்டாங்க. ஸால்வு தலைவன். புல்லாங்குழல் வாசிச்சவர் கொலைகாரன். மேளக்காரர் பூட்டு உடைக்கறவர். கீழ படுத்திருந்த நாய்கூட காருக்குள்ள இருக்கு. எங்க தாத்தா ஒருத்தரைத்தான் விட்டுட்டாங்க. நங்கூர மன்றத்துல பொருளாளரா இருந்தவரு. ஊர்ல கேக்கறாங்க ஸார். பேருந்துல பசங்ககூட கேக்குது. 'உங்க தாத்தா என்ன, நாயைவிடக் கேவலமா?'ன்னு."

டெபோனோ லெனார்டைத் தொலைபேசியில் அழைத்தார். லெனார்ட் ஓவியரைக் கேட்டார். பதில் வந்தது: அந்த முகத்தை எவ்வளவோ முயன்று வரைந்து பார்த்தார்களாம். துப்பாக்கி கொடுத்தார்கள், தழும்பு போட்டார்கள், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள். எப்படி வரைந்தாலும் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் மாதிரியே இருக்கிறாராம்.

"ஏதாவது தப்புப் பண்ணியிருக்காரா?" டெபோனோ கனிவோடு கேட்டார். "சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. பொருளாளர்னு சொல்றீங்க. கையாடல்?"

"இல்லையே ஸார்."

"குடிச்சிட்டுச் சண்டை?"

"குடிக்க மாட்டாரு." விஸ்டின் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருமுறை கோயில்லயிருந்து வேற ஒருத்தரோட குடையை எடுத்துட்டு வந்துட்டாராம்."

"ஆ!" டெபோனோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம்?"

"மறுநாளே கொண்டுபோய்க் குடுத்துட்டாராம்."

டெபோனோ சாய்ந்துவிட்டார். "அங்கதான் கெடுத்துட்டாரு."

விஸ்டினின் தலை குனிந்தது. அவர் யாரையும் குறை சொல்லும் ஆள் இல்லை. ஆனாலும் தாத்தாவின் மேல் முதன்முறையாக அவருக்குக் கோபம் வந்ததுபோல இருந்தது.

"அப்போ எங்க தாத்தா மாதிரி ஆளுங்களுக்கு இந்த ஆட்டத்துல இடமே இல்லையாம்மா?" என்று மார்விக்கைக் கேட்டார்.

மார்விக்குக்குப் பொய் சொல்ல வராது. "நேர்மையானவங்களுக்கு இதுல ஒரே ஒரு இடம்தான் அண்ணே இருக்கு," என்றாள். "ஆடுறவங்களோட இடம்."

மிச்சத்தையும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் உட்கார்ந்தால் போவது மட்டும்தான், வருவது கிடையாது என்று சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் விஸ்டினின் முகம் நிமிர்ந்துவிட்டது. திருநாளன்று சுரூபத்தைத் தூக்க ஒரு தோள் இடம் கிடைத்தவனின் முகம் அது.

"தனி இடமா? எங்க தாத்தா மாதிரி ஆளுங்களுக்குன்னே?"

மார்விக் டெபோனோவைப் பார்த்தாள். டெபோனோ பேனாவைப் பார்த்தார். பேனா மூடியிருந்தது. புகைபோக்கியைப் பார்த்த சன்னலும் கிளேட்டனும் முயல் குழம்பின் வாசமும் அவள் கண்முன் வந்து நின்றன.

"ஆமா அண்ணே," என்றாள். "அவங்களுக்குன்னேதான்."

"முகத்தை எல்லாம் வரைய வேண்டியதில்ல," என்று டெபோனோ உடனே பிடித்துக்கொண்டார். "நேர்மையானவங்க திரைக்கு வெளியில இருந்து ஆட்டத்தை நடத்தறாங்க. அவங்க இல்லாட்டி இந்தக் கும்பலுக்குப் பிழைப்பே கிடையாது. மிக உயர்ந்த இடம். நீங்க வாபஸ் வாங்கினா உடனே உட்காரலாம்."

விஸ்டின் வாபஸ் வாங்கினார். கைபேசியை எடுத்து அங்கேயே, நின்றபடியே ஆட்டத்தைத் திறந்தார். கம்பெனி ஊர்க்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்திருந்த பரிசோதனைப் பிரதிதான், ஆனால் பணம் வாங்கும் பகுதி மட்டும் முன்னதாகவே வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். உருளைகள் சுழன்றன. அவருடைய முகத்தில் ஒரு பொருளாளரின் கம்பீரம் வந்தது.

"உள்ள என்னடா ஆச்சு?" தாழ்வாரத்திலிருந்து லேலி குரல் கொடுத்தார். "உன் தாத்தாவுக்கு என்ன குடுத்தாங்க?"

"நேர்மையானவங்க இடம்," என்றார் விஸ்டின், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரொம்ப உயர்ந்த இடமாம்."

தாழ்வாரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எல்லைக்கோடு முதலில் வளைந்தது, பிறகு அழிந்தது. இரண்டு சுவர்களிலும் சாய்ந்திருந்தவர்கள் ஒரே கதவு வழியாக, யார் முதலில் என்றெல்லாம் பார்க்காமல், நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"அதெப்படி இவனுக்கு மட்டும் உயர்ந்த இடம்?" என்றார் லேலி. "நாங்க நேர்மையில்லாதவங்களா?"

"எங்க தாத்தாதான் கடத்தினாரு. நான் கடத்தினேனா?" என்றார் ஜோசெத். "என் கடையில வந்து கேட்டுப் பாருங்க, ஒருத்தர் தலையில ஒரு முடி கூடுதலா வெட்டியிருக்கேனா! எனக்கும் அந்த இடம் வேணும்."

"எனக்கும்!"

"எங்க வீட்டுல எல்லாருக்கும்!"

"பாகுபாடின்மை," என்றார் டெபோனோ, இரு கைகளையும் விரித்து. "எல்லாருக்கும் உண்டு. எத்தனை பேர் வந்தாலும் உண்டு. அந்த இடத்துக்கு வரம்பே கிடையாது."

அறை நிறையப் பொத்தான்கள் அழுந்தின. எக்காளங்கள் முழங்கின. லேலியின் திரையில் ஸால்வு இரண்டு முறை வந்தார். ஜோசெத்தின் திரையில் இன்னொசென்ஸு இரண்டு முறை வந்தார். இருவரும் மிக அருகில் வந்துவிட்டார்கள்.

"உனக்கு விழுந்துச்சா?" என்று லேலி கேட்டார். ஜோசெத்திடம் அவர் வாழ்நாளில் பேசிய முதல் வார்த்தை அது.

"இல்ல. உனக்கு?"

"எனக்கும் இல்ல."

"அப்போ சரி," என்றார் ஜோசெத். இருவரும் திருப்தியோடு மறுபடி அழுத்தினார்கள்.

டெபோனோ கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். நிரந்தர ஆணையை மார்விக்கின் கையில் கொடுத்து, "வாழ்த்துகள் மார்விக். அறையில இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் ஆட்சேபமில்ல. என் அனுபவத்துல இப்படிப் பார்த்ததே இல்ல," என்றார்.

மார்விக் சுற்றிப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மைதான். ஆட்சேபிக்க வேண்டுமென்றால் ஒருவராவது தலை நிமிர வேண்டும். அப்பாகூட நிமிரவில்லை.

அவளுடைய கைபேசி அதிர்ந்தது. கிளேட்டன். நல்ல செய்தியைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"மார்வி, உங்க ஊர்ல என்னமோ நேர்மையானவங்க இடம்னு தர்றாங்களாமே? எனக்கும் ஒண்ணு வாங்கி வையேன்."